தன்மை ஒருமை

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விதி உண்டு:
பேசுகிறவர் "நான்" என்றால்
நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும்.
"அவர் சொல்கிறார்" என்று ஒதுங்கி நிற்கக் கூடாது.
பதினோரு வருடம் அப்படித்தான் உழைத்தேன்,
காணி வழக்கு, தாபரிப்பு, ஒருமுறை மாட்டுத் திருட்டு.

ஹெவ்லொக் வீதி மண்டபத்தில் குளிரூட்டி அதிகம்.
நாற்பத்திரண்டு காக்கிச் சட்டைகள்,
பதவி உயர்வுக்கு முந்திய மூன்று நாள் வகுப்பு.
காலையில் கலாநிதி நிலூக்கா திரையில் போட்டது
எங்கோ குளிர்தேசத்து ரயில் மேடை.
"இதில் பொலிஸ்காரர் எங்கே?"
கண்டுபிடித்தார்கள்.
ஏற்றப்படுகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார், கையில் பென்சில்.
எல்லோரும் தலையசைத்தார்கள்.
தூர தேசத்துக்குத் தலையசைப்பது சுலபம்.

தேத்தண்ணிக்குப் பிறகு படம் இல்லை.
தெய்வேந்திரம் இருந்தார்.
எண்பத்திமூன்று ஆடி வரைக்கும்
வெள்ளவத்தையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர்.

அவர் தமிழில் நிறுத்த நிறுத்த
நான் சிங்களத்தில் தொடர்ந்தேன்:
என் கடையை எரித்தார்கள்.
என் வில்லைகள் சோளம் பொரிவதுபோல் வெடித்தன.
கையில் வாக்காளர் இடாப்பு.
என் பெயரைப் பிழையாக வாசித்தார்கள், இலக்கம் சரி.
எதிரே தபால்பெட்டியருகில் ஒரு கொன்ஸ்டபிள்.
என்னைப் பார்த்தார்.
பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

நான் எண்பத்தேழில் பிறந்தவள்.
தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

சப் இன்ஸ்பெக்டர் மதநாயக்க எழுந்தார்.
மரியாதையாகத்தான் கேட்டார்:
"அவருக்கு என்ன உத்தரவு இருந்ததென்று தெரியுமா?"
"தெரியாது. தெரிந்தவர் இன்னும் வந்து சொல்லவில்லை."
"தனி ஆள். அங்கே முந்நூறு பேர்.
என்னதான் செய்திருக்க முடியும்?"

தெய்வேந்திரம் கண்ணாடியைக் கழற்றி
வேட்டி நுனியால் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டார்.
"விசில் வைத்திருந்தார். ஊதியிருக்கலாம்."

நளாவ என்றேன்.
வெசாக் தெருவில் பிள்ளைகள் ஊதுவதற்கும் அதே சொல்.
யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயந்தேன்.
முன்வரிசையில் ஒரு பெண் இன்ஸ்பெக்டரின் கை
தோளிலிருந்து சட்டைப்பைக்குள் இறங்கும் கயிற்றைத் தொட்டு,
சுட்டதுபோல் விலகியது.

"உங்களில் யார் ஊதியிருப்பீர்கள்?"
நிலூக்கா கேட்டதைத் தமிழில்
அவர் காதோரம் சொன்னேன்.
பதிலையும் நான்தான் சொல்ல வேண்டும்.
குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது.
மதநாயக்க உட்காரவில்லை, பேசவுமில்லை.

"என்னவாம்?" என்றார் தெய்வேந்திரம்.

மௌனத்தைத் தன்மையில் பெயர்க்க
எனக்குத் தெரியவில்லை.
"அவர்கள் யோசிக்கிறார்கள்" என்றேன்.
பதினோரு வருடத்தில் முதல் படர்க்கை.

வெளியே சந்தியில்
முச்சக்கரவண்டி ஒன்றை மறித்து
போக்குவரத்துப் பொலிஸ் விசிலடித்தார்.
என் முழங்கையைப் பிடித்தபடி நின்று கேட்டார் கிழவர்.
"நல்ல சத்தம்" என்றார்.
"காலி வீதி மட்டும் கேட்கும்."