கூட்டக் குறிப்பில் இல்லாதது

ஜெலுத்தோங், செவ்வாய் இரவு எட்டரை.
சபைக் கூடத்தின் பின்னறையில் பதின்மூன்று நாற்காலிகள்,
ஒரு காற்றாடி. அது என் பக்கம் திரும்பாது.
நான் செயலாளர்.
எனக்கு ஓட்டு இல்லை, பேனா உண்டு.

பொருள் நான்கு: ஆராதனையில் டிரம்ஸ்.

ரூஃபஸ் சனிக்கிழமை ராத்திரி
பத்து பிரிங்கி ஹோட்டலில் ஒரு மணிவரை வாசிப்பவன்.
ஞாயிறு காலை அதே குச்சிகளோடு வருகிறான்,
கண் சிவந்து, சட்டைக்கு மட்டும் இஸ்திரி போட்டு.
"கர்த்தர் சந்நிதியில் பார் சத்தமா?" என்றார் ஒருவர்.
"தாவீது ஆடவில்லையா?" என்றாள் எப்சிபா.
"தாவீதிடம் ஆம்ப்ளிஃபையர் இல்லை."
சிரித்தோம். சிரிப்பை எழுதுகிற வழக்கம் இல்லை.
பிள்ளைகள் சுங்கை ஆரா பக்கம்
ஆங்கில சபைக்குப் போய்விட்டார்கள்,
அங்கே புகை விடும் மெஷின்கூட இருக்கிறதாம்
என்றார் பொருளாளர், கணக்கிலிருந்து தலை தூக்காமல்.
நூற்றைம்பதாம் சங்கீதம் மூன்று முறை வாசிக்கப்பட்டது,
அதில் ஒரு முறை மறுப்பதற்கு.

தவமணி விசுவாசம் எழுந்தார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
எண்ணைச் சொன்னால் போதும், ஞானப்பாட்டைப் பாடிவிடுவார்.
எப்போதும் முதல் "கூடாது" அவருடையது,
காரணம் யாரும் கேட்டதில்லை.
ரூஃபஸ் கேட்டான்: "ஏன் அங்கிள்?"

"எங்கப்பா தப்பு அடிச்சவரு."

காற்றாடி போய்த் திரும்பி வந்தது.

"தோட்டத்துல சாவு விழுந்தா மொத ஆளு எங்க லயத்துக்குத்தான் வரும்.
எட்ட நின்னு கூப்பிடுவான், பேர் சொல்லாம.
கள்ளு, தனிச் செரட்டையில.
பதினாலு வயசுல சபைக்கு வந்தேன்.
ஆர்மோனியம் வாசிச்சாங்க.
அந்தச் சத்தத்துக்குள்ள உக்காந்தா
நான் யார் மகன்னு எவனுக்கும் தெரியாது.
இப்ப நீ அடிக்கிறே, தம்பி.
மொத அடியிலயே எனக்கு வைக்கோல் தீ மணக்குது,
தோலு காய்ச்சுற தீ."

யாரும் வசனம் தேடவில்லை.
எப்சிபா வேதாகமத்தின் ஜிப்பை
முழுவதும் மூடி, பாதி திறந்து, மறுபடி மூடினாள்.
போதகர் தொண்டையைச் செருமினார்: "ஒத்திவைப்போமா?"
ஆறு கைகள். பிறகு எல்லாக் கைகளும்.

டீ வந்தது.
தவமணியின் இரண்டு விரல்கள் மேசை விளிம்பில்
அவருக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தன.
மூன்று. ஒன்று. இழுத்து ஒரு மூன்று.
கோப்பைகளில் டீ நடுங்கியது.
ரூஃபஸின் குதிகால் அதைப் பிடித்துக்கொண்டது, உடனே விட்டுவிட்டது.
அவர் கையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்
எட்ட நின்று யாரோ கூப்பிட்டதுபோல.

வீட்டில் சுத்தப் பிரதி எழுத உட்கார்ந்து
"திரு. விசுவாசத்தின் தந்தை தப்பு" என்றதோடு நின்றேன்.
நாளை படிப்பவர்கள் குற்றம் என்று படிப்பார்கள்.
மேளம் என்று போடலாமா? அது வேறு.
பறை? அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை.
ஸ்கேல் வைத்து, நிதானமாக,
தப்பை அடித்தேன்.

பொருள் நான்கு ஒத்திவைக்கப்பட்டது.
தேநீர், ஒன்பதே முக்காலுக்கு.