எங்கருந்து லோடு?

கரிசல், கல் பெறாத மண்.
மழைக்குச் செருப்பை விழுங்கும்
வெயிலுக்கு வாய் பிளக்கும்
அதற்குள் ஒரு கல் கிடந்தால்
யாரோ கொண்டுவந்தது என்று பொருள்.

திருமங்கலத்துக்குத் தெற்கே
பருத்தி வரிசைக்கு நடுவில் எடுத்தேன்.
சுண்டுவிரல் நகத்தில் பாதி. தேன் நிறம்.
குறுக்கே ஒரு வெள்ளை நரம்பு.
ஒரு விளிம்பு மட்டும்
அவசரமில்லாமல் கொறித்ததுபோல்
பதினொரு பற்கள்.

தூர தேசத்துக் குகைகளில்
நியாண்டர்தால் மனிதர்கள்
கத்திக்கு ஏற்ற கல்லுக்காக
பள்ளத்தாக்கு தாண்டிப் போனார்களென
வரைபடத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள்.
அவர்கள் இந்தப் பக்கம் வந்ததாகத் தடயமில்லை.
நம் ஆள் வேறு.
அவன்
(அவளாகவும் இருக்கலாம்,
நகத்தளவுக் கல்லில் அதெல்லாம் தெரியாது)
எந்தத் திசையிலிருந்து வந்தான்?
என் வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒச்சப்பனின் லோடு ஆட்டோ.
குண்டாற்று மணலில் அறுபது கல்
நாகமலை முதுகில் வெங்கச்சங்கல் ஒரு சாக்கு
குருவித்துறைக்குக் கீழே வைகை உருட்டிப்போட்டவை நாற்பது.
ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் எண் எழுதுவேன்.
"ஜல்லி வேணும்னா சொல்லுங்க மேடம்,
யூனிட் கணக்குல இறக்கித் தாரேன்" என்பான்.
ஆய்வகத்தில் அறுத்து, தேய்த்து
வெளிச்சம் ஊடுருவும்வரை மெலியவைத்து
நுண்ணோக்கியில் பார்த்து
எண்ணுக்கு நேரே எழுதுவேன்: இல்லை.
மூன்று வருடம்.
இல்லை என்ற சொல்லுக்கு மட்டும்
என் கையெழுத்து அழகாகிவிட்டது.

அன்று சாப்டூர் மலையடி ஓடை.
திரும்பும்போது இருட்டிவிட்டது.
கப்பலூருக்கு முன்னால் டார்ச் அடித்து நிறுத்தினார்கள்.
"எங்கருந்து லோடு?"

சிரித்திருக்கக் கூடாது.
ஒச்சப்பன் முகம் வெளிறிவிட்டது.
ப. சீனிச்சாமி என்று சட்டையில் பெயர் இருந்தவர்
சாக்கை அவிழ்த்தார்.
"கிரானைட்டா?"
"கூழாங்கல் சார்."
"கூழாங்கல்லுக்கு எதுக்கு நம்பர்?"

பதில் சொல்ல ஆரம்பித்தேன்,
பத்தாயிரம் வருடத்தில் தொடங்கினால் விடியும்போல் இருந்தது.
அதற்குள் அவர் சா-27ஐ எடுத்து
தர்பூசணிக்காரனிடம் தட்டிக் கேட்பதுபோல்
காதருகே வைத்து
சா-9ஆல் ஒரு தட்டு.

சில்லு தெறித்தது.
கட்டைவிரலில் மெல்லிய சிவப்புக் கோடு.
திட்டவில்லை. டார்ச்சைச் சில்லுக்குப் பின்னால் பிடித்தார்
தேன் நிறத்தில் வெளிச்சம் வழிந்தது.
நான் மூச்சு விடவில்லை.

"என்ன மேடம்,
இதுல ஏற்கெனவே ஒருத்தன் தட்டிப் பாத்திருக்கானே?"

அவர் உடைத்த இடத்துக்குப் பக்கத்தில்
இன்னொரு உடைவு.
கூழாங்கல்லின் தோலே அதன்மேலும் வளர்ந்து
மங்கி மழுங்கி
நான் நான்குமுறை கையிலெடுத்தும் காணாதது.
ஒரே ஒரு தட்டு.
உள்ளே விரிசல் இருந்திருக்கும்
சத்தம் சரியாக வந்திருக்காது
அவனோ அவளோ உதட்டைப் பிதுக்கி
ஓடையில் திரும்பப் போட்டுவிட்டு
அடுத்த கல்லுக்குக் குனிந்திருக்க வேண்டும்.

அந்த அடுத்த கல்தான்
என் கருவி வந்த கல்லா என்று கேட்காதீர்கள்.
சா-27இன் அறிக்கை வந்துவிட்டது.
இரும்பு கொஞ்சம் கூடுதல்.
ஏறக்குறைய.
எண்ணுக்கு நேரே ஒரு வாரமாக
எதுவும் எழுதாமல் வைத்திருக்கிறேன்.

சோதனைச்சாவடிப் பதிவேட்டில் இருக்கிறது:
கல், ஒரு சாக்கு. சாப்டூரிலிருந்து.
எதற்கு என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சநேரம் நின்றுவிட்டு
'சும்மா' என்று எழுதினார்
ரத்தம் படாமல் இருக்க
கட்டைவிரலைத் தனியே தூக்கிக்கொண்டு.