பட்டி பார்த்த இடம்

பார்த்துச் சொல்ல ஐந்நூறு ரூபாய்.
வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே ஐந்நூறு.
அதியமான்கோட்டை தாண்டி, பைபாஸ் ஓரம்,
வேடியப்பன் தகரக் கொட்டகையில்
இரண்டு வண்டிகள் எனக்காக மூக்கை நீட்டி நின்றன.
வெள்ளை டிசையர் ஒன்று.
சாம்பல் நிறத்தில் பழைய வேகன் ஆர் ஒன்று.

வாங்க வந்தவள் சாலம்மா.
பட்டுக்கூடு மார்க்கெட்டில் ஏலம் எடுப்பவள்.
மகள் சேலத்தில் நர்சிங். வாரம் இரண்டு தரம்
தொப்பூர் இறங்கி ஏறியாக வேண்டும்.
"நடுவழியில நிக்காத வண்டியா பாரு" என்றாள்.
கொஞ்சம் யோசித்து,
"நிக்கச் சொன்னா நிக்கணும்" என்றாள்.

சாம்பலைத் திறந்தேன்.
ரேடியேட்டர் மூடிக்குள் வெள்ளைப் படிவு,
எங்கள் போர் தண்ணி.
பல்லில் எழுதுவதையே இரும்பிலும் எழுதும்.
சிரிக்கும்போது நாங்கள் கை வைத்து மறைப்பதை
இது மறைக்கத் தெரியாமல் வைத்திருந்தது.
டேப்பட் கவர் ஓரம் எண்ணெய்க் கசிவு.
இடப்பக்கக் கதவு இரண்டு தரம் சாத்தினால்தான் சாத்தும்.
ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரம் ஓடினேன் என்றது மீட்டர்.
பானட்டின் உள்பக்கம், நீலப் பேனாவில்,
ஆயில் மாற்றிய தேதிகள். ஒன்றுகூட விடாமல்.
கடைசி இரண்டு மட்டும் வேறு கையெழுத்து.

வெள்ளை ஒரே சாவியில் எழுந்தது.
தவலைத் தண்ணி போல அலுங்காத ஐட்லிங்.
மீட்டர் ஐம்பத்தெட்டாயிரம்.
கிளட்ச் பெடல் ரப்பரில் ஒரு வரிகூட இல்லை.
ஐம்பத்தெட்டாயிரத்தில்
எந்தக் கால் இப்படித் தேய்க்கும்?
வேடியப்பன் டீ சொன்னார்.
மாதம் நாலு வண்டி வேலை எனக்கு அவரிடமிருந்து.
டீயில் சர்க்கரை தூக்கல்.

அவள் மீட்டரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.
கூட்டைக் காதோரம் குலுக்குவாளே,
உள்ளே புழு உருள்கிறதா
உருகி ஒட்டிக்கொண்டதா என்று,
அதே சாய்வில் தலையை வைத்து
வெள்ளையின் முன்கதவைத் தட்டினாள். டங்.
பின்கதவு. டங்.
பின்சக்கரத்துக்கு மேலே, இடப்பக்கம்.
தொப்.

மறுபடி தட்டினாள்.
"இங்க என்ன செத்துக் கெடக்கு?"

எனக்குத் தெரியும்.
இரண்டு வருஷம் முன்னால், ஆடி மழையில்,
தொப்பூர் இறக்கத்தில்
லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே கிடந்து
கயிறு கட்டி வந்த வண்டி.
வெட்டி, நிமிர்த்தி, பற்றவைத்து, பட்டி இழுத்துப்
பதினேழு நாள்.
உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து
ரேஷன் கடை மெஷினுக்கு
என் விரலை அடையாளம் தெரியாமல் போனது.
சுற்றி வந்து பார்த்த வேடியப்பன்
"பொறந்த மேனியா இருக்குடா" என்றார்.
விற்றார். இன்று அது அவரிடமே திரும்பி நிற்கிறது.
என் கையில் உருவானதில் அதுதான் நல்ல வேலை.
யாரும் கண்டுபிடிக்காதவரை நல்ல வேலை.

"பட்டி" என்றேன். "ஒரு விரல் கனம்."
வேடியப்பன் டீ கிளாசின் அடியைப் பார்த்தார்.
"யாரு பார்த்தது?"
"நல்ல கை."
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நகக்கண்ணில் ஊறிப்போயிருக்கும் சாம்பல் தூளை
ஒரு கிலோ கூடு எடைபோடும் நேரம் பார்த்தாள்.

"பழசோட சாவியக் குடுங்க" என்றாள் அவரிடம்.
"தொப்பூர் போய்த் திரும்பறோம்.
நீயும் ஏறு."

ஏறினேன்.
இந்த மாதம் நாலு வண்டி, அடுத்த மாதம் எத்தனையோ.
"பிரேக்க நம்பலாம்" என்றேன்.
"கைய?" என்றாள்,
கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே.

கதவு முதல் தரம் சாத்தவில்லை.
திறந்து
இன்னொரு தரம் சாத்தினேன்.