கால் பங்கு வடிய

லாரிக்கு முன்னால் அதன் நாற்றம் வந்து
கேட்டைத் திறக்கச் சொல்லும்.
லியபாயாவில் பனி விழத் தொடங்கிப் பதினோரு நாள்.
தார்ப்பாயை விலக்கினால்
கொம்பும் குளம்பும், கொம்பும் குளம்பும்,
ஒரு குளம்பின் பிளவில் இன்னும் ஒரு துண்டு வைக்கோல்.

இங்கே எல்லாருக்கும் கொம்பு முளைத்திருக்கிறது
என்பான் இல்க்வார்ஸ்,
அரவையின் வாய்க்குள் அவற்றைத் தள்ளிக்கொண்டே.
பழைய ஜோக். சிரித்து வைப்போம்.
அரைத்தபின் மாட்டுக்கு மாடு பேதமில்லை,
உமி நிறத்தில் ஒரே மாவு.

பிறகு விஸ்மாவின் கொப்பரை.
நீற்றிய சுண்ணாம்பு, நீராவி, எட்டு மணி நேரம்.
முட்டுவதற்கென்றே ஆண்டுக்கணக்கில் இறுகியது
உள்ளே மெல்லத் தளர்கிறது.
சங்கிலிகள் அறுந்து குட்டையாகின்றன.
ரொம்பக் குட்டையானால் நுரை நிற்காது,
நீளமாகவே கிடந்தால் கரையாது.
எப்போது நிறுத்துவதென்று
விஸ்மா மானியைப் பார்க்கிறாள்,
பிறகு மூக்கையும் ஒரு வார்த்தை கேட்கிறாள்.

வடிகட்டி, அமிலம் விட்டுச் சமன்செய்து, வற்றவைத்து,
கொஞ்சம் இரும்பு உப்பு,
குளிரில் உறையாமலிருக்க கிளைகால்.
கடைசியில் பீப்பாய்க்குள் இறங்குவது
முற்றிய பாகு போல் ஏதோ ஒன்று.
இதில் நுரையே கிடையாது.
மூன்று பங்கு இது, தொண்ணூற்றேழு பங்கு தண்ணீர்,
மீதியெல்லாம் காற்று,
அதுவும் எங்கோ யாரோ குழாயைத் திருகும்போது.

அந்த நேரத்தை முன்கூட்டியே
நடித்துப் பார்ப்பது என் வேலை.
மாதிரியை அடித்து நுரைக்க வைத்து
கண்ணாடி உருளையில் நிரப்பி
ஸ்டாப்வாட்சை அழுத்துவேன்.
கால் பங்கு நீர் வடிய எவ்வளவு நேரம்?
நாலரை நிமிடத்துக்குக் கீழே என்றால் திருப்பி அனுப்பு.
சொட்டும். நிற்கும். சொட்டும்.
அசைபோடுவது போல் என்று ஒருநாள் தோன்றியது.
அதை எழுத அறிக்கையில் கட்டம் இல்லை.

எத்தனை சோப்பு போட்டாலும்
பஸ்ஸில் எங்கள் பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.
விஸ்மா அதில் கைப்பையை உட்கார வைத்து
“விசாலம்” என்பாள்.

பிப்ரவரியில் வடக்கே ஒரு எண்ணெய்த் தொட்டி எரிந்தது.
கான்டீன் டிவியில் பார்த்தோம்,
கையில் பிடித்த ரொட்டி பிடித்தபடி.
உருட்டிவந்த பீப்பாய் ஒன்றின் வயிற்றில் எண் தெரிந்தது:
417.
எனக்குத் தெரியும் அதை. நவம்பர் தொகுப்பு.
நாலு நிமிடம் முப்பத்தொரு நொடி.
ஒரே ஒரு நொடியில் தேறியது.
அன்று வெளியே இல்க்வார்ஸ் ஏதோ கத்தினான்,
திரும்பிப் பார்த்தேனா?
விரலைத் தாமதமாக அழுத்தினேனா?

நுரை தொட்டியின் விளிம்பேறி உள்ளே சரிந்தது.
தீயின் மேல் நடந்தது,
மேயப் போகும் மந்தையின் அவசரமின்மையோடு.
யாரும் பேசவில்லை.
மேஜைமேல் என் கட்டைவிரல்
இல்லாத பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.
நாலு நிமிடம். நாலரை.
வெண்மை எங்கும் கிழியவில்லை.

ஐந்தாம் நிமிடத்தில் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.
ஷாம்பு.
தலை நிறைய நுரையோடு ஒரு பெண் சிரித்தாள்.
விஸ்மா ரொட்டியைக் கடித்து மென்றாள்.
“லாரி வந்துவிட்டது” என்றாள்,
ஜன்னலைத் திறக்காமலே.