கொருக்குப்பேட்டை, இரவு இரண்டு பத்து

பளபளக்கிற செம்புப் பட்டை பொய் சொல்லும்,
உள்ளே வெந்தாலும் குளிர்ச்சி காட்டும்.
அதற்குத்தான் போன மாதமே
கறுப்பு டேப் ஒட்டிவைத்தோம்.

ஒய் ஃபேஸ் இணைப்பு: தொண்ணூற்று நாலு.
கேமராத் திரையில் வெள்ளைக் கொப்புளம்.
வெறுங்கண்ணுக்கு
துருப்பிடித்த பெட்டி,
அதன்மேல் கிழிந்த கண்ணீர் அஞ்சலி.

சப்ளையை நிறுத்தச் சொன்னேன்.
நாலு தெரு இருண்டது.
மொட்டைமாடிகளிலிருந்து
என் அம்மாவுக்கு விழுந்த வசவு
எந்த நிறத்திலும் பதியவில்லை.

போல்ட்டை முறுக்கி முடித்த தேசிங்கு
சுவரில் கை ஊன்றி மூச்சு வாங்கினான்,
பீடி தேடி நகர்ந்தான்.

ஐந்து விரலும் அங்கேயே நின்றன
மஞ்சளாக,
ஓரம் கரைந்து
ஊதாவாக.

கரண்ட் வந்துவிட்டது.
டிரைவர் இரண்டுமுறை ஹாரன் அடித்தார்.
இரு என்றேன்,
இன்னும் கட்டைவிரல் ஆறவில்லை.