படுவான், எழுவான்

சட்டி முப்பத்தாறு.
குருமண்வெளிப் பாதையில் ஏறுமுன்னமே
ஏழு தண்ணி விட்டுக் கிடந்தது.
“உறை பிழை எண்டு மனிசியை ஏசிப்போட்டன்,
மறுகா பாத்தா முன் சில்லு”
என்றபடி பேரின்பராசா
மோட்டச்சைக்கிளை கராச்சுக்குள் உருட்டிவந்தார்.

இடக்கால் நனைந்திருந்தது.
கிறவல் தூசும் ஒயிலும் குழைந்து
சுளுக்குக்குப் பத்துப் போட்டதுபோல்
அச்சுவரை செம்மண்.

வெல்லாவெளி தாண்டி, விடியப்புறம் நாலரைக்கு,
யானை.
முன் பிரேக்கை இறுக்கியதும்
வண்டி தலை குனிந்து,
உள்ளே இரும்பு இரும்பைத் தொட்டிருக்கிறது.
“டொக் எண்டு ஒரு சத்தம்.
யானையும் கேட்டிருக்கும்.”

மூடியைக் கழற்ற
ஸ்பிரிங் எழுந்து உள்ளங்கையை இடித்தது.
கவிழ்த்தேன்.
வலக்காலிலிருந்து கறுத்த ஒயில்,
அதில் மீன்செதிள் மினுக்கம்:
குழாய் தன்னைத்தானே தேய்த்த தூள்.
இடக்காலிலிருந்து
மூன்று சொட்டு.

உள்ளே அதிகம் ஒன்றுமில்லை.
குழாய்க்குள் குழாய்.
நடுவில் அடியோடு பூட்டிய தண்டு,
அதில் பெரிய துளைகள் சில,
குண்டூசித் தலையளவில் ஒன்று.
மேட்டில் ஏறினால் சில்லு மேலே வரும்,
ஸ்பிரிங் சுருங்கும்,
ஒயில் பெரிய துளைகளால்
படம் விட்ட சனம்போல் போய்விடும்.
அது இலகு.
திரும்புகிறதுதான் பாடு.
ஸ்பிரிங்குக்கு ஞாபகம் கூட;
வாங்கிய குத்தை
சதம் குறையாமல் திருப்பிக் கொடுக்கப் பார்க்கும்.
விட்டால் ஒரு பள்ளத்துக்கு ஒன்பது துள்ளல்.
ஒயில் விடாது.
சின்னத் துளையைக் காட்டி
ஒவ்வொருவராய் வா என்னும்.

வாவிக்கு இரண்டு கரை,
ஒன்று படுவான், ஒன்று எழுவான் என்று
பெயர் வைத்த சனத்துக்கு
இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.
படுகிறது சட்டென்று.
எழும்புகிறது ஆறுதலாக.

சீல் இரண்டும் கல்முனையிலிருந்து
பஸ்ஸில் வந்தன.
அளவுக் குவளையை யாரோ இரவல் கொண்டுபோய்விட்டதால்
மகளின் பால் போத்தலை எடுத்தேன்.
நூற்றி எழுபது மில்லி,
முயல் படத்தின் காதுக்கு நேரே.
ஒரு காலுக்கு ஒருதரம், மற்றக் காலுக்கு ஒருதரம்.
(வீட்டில் இன்னும் சொல்லவில்லை.)
குழாயை ஏற்றி இறக்க
காற்று குமிழ் குமிழாய் மேலே வந்து உடைந்தது.
பிறகு கை கனத்தது.
ஒயில் துளையைக் கண்டுபிடித்துவிட்டது.

பேரின்பராசா பிரேக்கைப் பிடித்து
ஹாண்டிலில் பாரம் போட்டார்.
போனது. வந்தது. நின்றது.
நம்பாமல் இன்னொருதரம்.
நின்றது.

துறைவரை ஓடித் திரும்பி
குழாயில் புறங்கையை வைத்தேன்.
மெல்லிய சூடு.
வழியில் கிடந்த அத்தனை பள்ளமும்
அவ்வளவுதான்.
வாவிக் காற்று அதையும் கொண்டுபோனது.

கூலியில் பாதி காசு,
பாதிக்கு ஒரு சட்டி.
“உடைஞ்சதுதான், குறை நினைக்கப்படாது.”

இரவு கரண்டி போட்டேன்.
அள்ளிய இடத்தில் சுவர் நிற்கவில்லை.
பள்ளம் தன்பாட்டில்,
மெதுமெதுவாய், நிரம்பிக்கொண்டு வந்தது.
பார்த்துக்கொண்டிருந்தேன்.
“அந்தப் போத்தல் எங்க?” என்று
உள்ளேயிருந்து கேட்டது.
கித்துள் பாணியை இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.