புருவம் வரை

மூன்றாம் நாளும் நுண்படச் சுருள் கண்ணை உறுத்தியது.
கேனிங் ரைஸ் சரிவில் மழை.
ஆவணக் காப்பகத்தில் எங்கள் பெயர் எங்குமில்லை.
இருந்தது ஒரு
வைலூகன்.

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்து இருக்கைச் சீனர் திரும்பி முறைத்தார்.
வைலூகன். வயிலுகன்.
வெயிலுகந்தான்.
துரையின் குமாஸ்தா பேனாவில்
பாதி உதிர்ந்துபோன என் பாட்டனுக்குப் பாட்டன்.

ஜில்லா திருநெல்வேலி.
உயரம் ஐந்தடி மூன்று. என் உயரம்.
இடது தோளில் மாடு முட்டிய வடு.
குற்றம் கூட்டக் கொள்ளை.
ஆயுசுக்கும் தீவாந்தரம்.

மிளகு வியாபாரத்துக்குக் கப்பலேறி வந்தவர் என்றுதான்
சித்தப்பா சாகும்வரை சொன்னார்.

கடைசிக் கட்டத்தில், பொடி எழுத்தில்,
கொள்ளை போன பொருள்:
கம்பு, அரைக் கோட்டை.
ஆட்கள் ஐவர்.
நான் கணக்குத் தணிக்கைக்காரன், கை சும்மா இருக்காது.
வகுத்தேன்.
ஆளுக்கு இரண்டு மரக்கால்.
அரை மரக்கால் மிச்சம்.
அந்த மிச்சத்தை யார் வீட்டுக்குக் கொடுத்தார்கள் என்று
பதிவேட்டில் இல்லை.

பிராஸ் பாசா சிறையிலிருந்து
தேவாலய வேலைக்கு நடத்திப் போயிருக்கிறார்கள்.
சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு,
வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர்.
கம்புக்குக் கடல் தாண்டியவன் கையில்
முட்டையும் வெல்லமும் கொடுத்து
சுவருக்கு ஊட்டச் சொல்லியிருக்கிறார்கள்.
விரலை ஒரு தரமாவது நக்கியிருப்பான்.
நக்கியிருக்க வேண்டும்.

நகர மண்டப நிலையத்தில் இறங்கி
பதினேழு வருஷமாய் அந்தச் சுவரோரம்தான்
அலுவலகம் போகிறேன்.
வெள்ளையாய் இருக்கும். வேறொன்றும் தோன்றியதில்லை.

சுருளை நிறுத்தப் போனபோது இன்னொரு வரி.
நெற்றியில் பச்சை குத்தப்பட்டது:
குற்றம், தேதி.

போன தையில்
சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில்
மகன் இளமாறனுக்குக் கல்யாணம்.
படமெடுக்க வந்த ரோஸ்லான்
மாப்பிள்ளை தலைப்பாகையைக் கொஞ்சம் மேலே ஏற்றினான்,
முகம் தெரியட்டும் என்று.
பந்தியை விட்டு ஓடி வந்து
நான்தான் கீழே இழுத்துவிட்டேன்.
அப்பாவின் படத்தில் அப்படித்தான்,
தாத்தா படத்திலும்.
புருவம் வரை, ரோஸ்லான், புருவம் வரை,
எங்கள் குடும்பத்து வழக்கம் என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்,
சம்பந்தி வீட்டாருக்கும் கேட்கட்டும் என்று.